மேடும் குளமும்: சுந்தரவனத்தில் விட்டுப்போன வீடுகள்

ஊரிலிருந்து பெரியவர்கள் யாராவது கொல்கத்தா வந்தால், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் முடிந்த கையோடு அடுத்த கேள்வி கங்காசாகர்தான். இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மாமனார் மாமியாரைக் கங்காசாகருக்குக் கூட்டிப் போகாதவர்கள் குறைவு. டயமண்ட் ஹார்பர் தாண்டி, காக்த்வீப் தாண்டி, படகுத்துறையில் போய் இறங்குவோம். அந்தத் துறையின் பெயர் 'லாட் நம்பர் எட்டு'. பஸ் கண்டக்டர் அதைச் சொல்லித்தான் கூவுவார். ஓர் ஊருக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காத மாமனார் கிடையாது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் சுந்தரவனத்தின் ஆயிரம் வருடக் கதைக்குள் போய் விழ வேண்டியிருக்கிறது. நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். ஆனால் நிலப் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். புலியும் படகும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இது உப்புக்கரையில் வீடு கட்டி, வயல் போட்டு, பிறகு விட்டுப்போனவர்களைப் பற்றியது.

லாட் என்றால் என்ன

கம்பெனி ஆட்சியில் சுந்தரவனக் காடு யாருக்குச் சொந்தம் என்று ஜமீன்தார்களுக்கும் அரசுக்கும் ஓயாத வழக்கு. 1829-30-ல் டாம்பியர் என்ற கமிஷனரும் ஹாட்ஜஸ் என்ற சர்வேயரும் காட்டின் வட எல்லையை ஒரு கோடாக வரைந்து முடித்தார்கள். டாம்பியர்-ஹாட்ஜஸ் கோடு என்று அதை இன்றும் சொல்கிறார்கள். கோட்டுக்குத் தெற்கே இருந்ததையெல்லாம் 236 லாட்டுகளாகப் பிரித்து எண் போட்டார்கள். நம்மூரில் மனை விற்பவர்கள் வெள்ளைக் கல் நட்டு எண் போடுகிறார்களே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே மனை என்பது ஓதநீர் ஏறி இறங்கும் சதுப்புக் காடு.

லாட்டைக் குத்தகைக்கு எடுத்தவர்களில் பலர் கல்கத்தாவில் இருந்த பணக்காரர்கள். காட்டை வெட்டியவர்கள் மேதினிபூரிலிருந்து வந்த ஏழை விவசாயிகளும், சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட சாந்தால், முண்டா, ஒராவ் கூலிகளும். முதலில் ஆற்றோரம் மண்கரை போட்டு உப்புநீரை நிறுத்துவார்கள். அப்புறம் மரத்தை வெட்டுவார்கள். மூன்று நான்கு மழைக்காலம் போய் மண்ணிலிருந்து உப்பு கழுவப்பட்ட பிறகுதான் நெல் நிற்கும்.

வெட்டிக்கொண்டே தெற்கே போனவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. மனித வாடையே படாத காடு என்று நினைத்து வெட்டினால், உள்ளே தூர்ந்த குளங்கள், செங்கல் படிக்கட்டு, உடைந்த பானை ஓடு, கற்சிலைகள், செப்புத் தகடுகள். இவர்கள் 'முதல் குடி' இல்லை. இவர்களுக்கு முன்னாலேயே யாரோ வந்து, கரை போட்டு, பயிர் செய்து, பிள்ளை பெற்று, பிறகு போயிருக்கிறார்கள்.

விட்டுப்போன வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது

கோட்டை, கோயில், நகரம் இவற்றைக் கண்டுபிடிக்கத் தொல்லியல் தெரிய வேண்டாம். தடுக்கி விழுந்தால் தெரியும். கொல்கத்தாவுக்கு வடகிழக்கே பேராசம்பா பக்கம் சந்திரகேதுகட் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் அங்கே அகழ்வாய்வு செய்தது. கிடைத்த சுடுமண் பொம்மைகள் பிரமாதமானவை, அவசியம் பாருங்கள். ஆனால் ஒரு விவசாயியின் வீடு மண்சுவரும் வைக்கோல் கூரையும். கைவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும். அது எதை விட்டுச்செல்லும்?

மேட்டையும் குளத்தையும்.

வங்காளத் தாழ்நிலத்தில் வீடு கட்டும் முறையைக் கவனித்திருப்பீர்கள். முதலில் குளம் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டிப் பக்கத்தில் மேடாக்கி அதன்மேல் வீடு. அந்த மேட்டுக்கு 'பிட்டே' என்று பெயர். மேடு வெள்ளத்திலிருந்து காப்பாற்றும், குளம் மழைநீரைப் பிடித்து வைக்கும். குடிக்க, சமைக்க, மீன் வளர்க்க எல்லாமே அதுதான். நம்மூரில் குளம் ஊருக்குப் பொது. இங்கே முடிந்தவரை வீட்டுக்கு ஒன்று. இந்த வட்டாரத்து நிலப் பதிவேடான பர்ச்சாவைப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் பெயரில் வரிசையாக வீட்டு மனைக்கு 'பாஸ்து', குளத்துக்கு 'புகுர்', நெல்வயலுக்கு 'ஷாலி' என்று தனித்தனித் தாக் நம்பர் இருக்கும். நம்மூர் நத்தம், நஞ்சை, புஞ்சை போலத்தான்.

ஓதம் ஏறி இறங்கும் உப்புச் சதுப்பில் நன்னீர்க் குளம் தானாக உண்டாகாது. எங்கே குளம் இருக்கிறதோ அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். சுந்தரவனப் புலிக் காப்பகத்துக்குள் நேதிதோபானி என்ற இடத்துக்குப் படகில் போயிருப்பீர்கள். கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து புலி தெரிகிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அங்கே இடிந்த கோயிலின் மிச்சமும் ஒரு நன்னீர்க் குளமும் இருக்கின்றன. காட்டு விலங்குகள் நீர் குடிக்க வரும் அந்தக் குளத்தைப் பார்க்கும்போது, கோயிலுக்கு யார் விளக்கேற்றியிருப்பார்கள், குளத்தில் யார் குடம் நிறைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஊர்ப் பெயர்களையும் பாருங்கள். ராய்திகி, கங்கன்திகி. 'திகி' என்றால் பெரிய குளம். நமக்குப் பெருங்குளம், கருங்குளம், திருக்குளம் மாதிரி. கங்கன்திகியில் பில்கானா மேடு என்ற மண்மேட்டைக் கல்கத்தா பல்கலைக்கழகத் தொல்லியல் துறை 2010களில் அகழ்ந்தது. இதற்கெல்லாம் வெகுமுன்னால், மஜில்பூரைச் சேர்ந்த காளிதாஸ் தத்தர் என்ற ஆர்வலர் இந்தக் காடு வெட்டிய ஊர்களில் அலைந்து, வயலில் கிடைத்த சிலைகளையும் பானைகளையும் பற்றி எழுதி வைத்தார். இந்த மாதிரி உள்ளூர்க்காரர்கள் இல்லாவிட்டால் கிடைத்ததில் பாதி மறுபடி மண்ணுக்குள்ளேயே போயிருக்கும்.

செப்புத் தகட்டில் நான்கெல்லை

ராய்திகிக்கு அப்பால், மணி ஆற்றுப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் செங்கல் கோயில் ஜடார் தேவுல். அந்த இடம் பழைய கணக்கில் லாட் நம்பர் 116. 1875-ல் அங்கே காடு வெட்டியபோது ஒரு செப்புத் தகடு கிடைத்தது. டயமண்ட் ஹார்பர் டெபுடி கலெக்டர் அதைப் பற்றி எழுதி வைத்தார். சமஸ்கிருதத்தில், ஜெயந்தசந்திரன் என்ற அரசன் பெயரில், சக ஆண்டு 897 என்று இருந்ததாம். அதாவது கி.பி. 975. தஞ்சையில் ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்குப் பத்து வருடம் முந்தி. அந்தத் தகடு பிறகு காணாமல் போய்விட்டது. இன்று நம்மிடம் இருப்பது அதைப் பற்றிய குறிப்பு மட்டுமே.

இன்னும் தெற்கே, கடலோரம் ராக்ஷஸ்காலி தீவில் கிடைத்த தகடு சக ஆண்டு 1118, அதாவது கி.பி. 1196-ஐச் சேர்ந்தது. டொம்மணபாலன் என்ற சிற்றரசன் கொடுத்த நிலதானம். அதே நூற்றாண்டின் சேன மன்னர்களின் தகடுகளில் 'காடி' என்ற நாட்டுப் பிரிவின் பெயர் வருகிறது. காரி என்ற ஊர் தெற்கு 24 பர்கனாவில் இன்றும் இருக்கிறது.

வங்கிக்காரனுக்கு இந்தத் தகடுகளைப் படிப்பதில் தனி சுகம் உண்டு. தானமான நிலத்துக்குக் கிழக்கே இன்னது, தெற்கே இன்னது என்று எல்லை சொல்கிறார்கள். நம் சோழர் கல்வெட்டில் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை என்று வருமே, அதேதான். இன்று அடமானப் பத்திரத்தில் நாங்கள் 'செக்குபந்தி' என்று பார்ப்பதும் அதுவே. நிலத்தை நீரோடும் நிலத்தோடும், பள்ளத்தோடும் உவரோடும், பாக்கு தென்னையோடும் கொடுத்தோம் என்ற பொருளில் ஒரு வாய்பாடு அந்தக் காலத் தகடுகளில் திரும்பத் திரும்ப வரும். உவர்நிலத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

அளவுகளும் சுவாரசியம். 'ஆடவாபம்' என்று ஓர் அளவு. ஓர் ஆடகம் விதை விதைக்கிற அளவு நிலம். திருநெல்வேலிப் பக்கம் 'ஒரு கோட்டை விதைப்பாடு' என்று தாத்தாக்கள் சொன்னது ஞாபகம் வருகிறதா? சேனர் தகடுகளில் நிலத்தின் ஆண்டு வருமானத்தை 'கபர்தக புராணம்' என்ற கணக்கில் சொல்வார்கள். கபர்தகம் என்றால் சோழி. மதிப்புக்குத்தான் வெள்ளிக் காசின் பெயர், பட்டுவாடா சோழியில்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் இடத்தில் நான்கெல்லை எழுத முடிந்தது என்றால், நான்கு பக்கமும் வேறு யாரோ இருந்தார்கள் என்று அர்த்தம். அளந்து, வரி போட்டு, விதைத்து, அறுத்துக்கொண்டிருந்த கிராமங்கள் அவை. 700 வருடம் கழித்து அதே இடத்தைத்தான் கம்பெனி 'காடு' என்று எழுதி எண் போட்டது.

ஏன் போனார்கள்? பழைய வழக்கு ஒன்று

ரென்னல் என்ற சர்வேயர் 1779-80 வாக்கில் வங்காள வரைபடங்களை வெளியிட்டார். சுந்தரவனத்தின் கிழக்குப் பகுதியில், மக்குகள் செய்த கொள்ளையால் ஊர்கள் காலியான பிரதேசம் என்று குறித்திருக்கிறார். மக் என்றால் அரக்கான்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவர்களும் போர்த்துகீசிய ஓடிகளும் ஆற்று வழியாக ஏறிவந்து, ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். கைவிட்ட வீடுகளுக்கு இதுதான் காரணம் என்பது ஒரு கட்சி.

பாகர்கஞ்ச் மாவட்டத்தில் கலெக்டராக இருந்த பெவரிட்ஜ் எதிர்க்கட்சி. 1876-ல் ஆசியக் கழகத்தின் இதழில், சுந்தரவனத்தில் பழங்காலத்தில் மக்கள் வாழ்ந்தார்களா என்பதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். இங்கே பெருங்குடியிருப்பு எப்போதுமே இருந்ததில்லை என்பது அவர் வாதம். 1599-1600-ல் இந்த ஆறுகள் வழியே போன ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் அப்போதே காட்டையும் புலியையும் பற்றித்தானே எழுதியிருக்கிறார் என்று சாட்சி காட்டினார்.

மூன்றாவது கட்சி மண்ணைத் தோண்டுபவர்கள். 1864-ல் சியால்டாவில் குளம் வெட்டியபோது சுமார் 30 அடி ஆழத்தில் சுந்தரி மரத்தின் அடிமரங்கள் நட்டபடியே நின்றன. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் அதை வரைந்து வெளியிட்டார். அதற்கு முன்பே, 1835-லிருந்து 1840 வரை வில்லியம் கோட்டையில் 481 அடி ஆழத்துக்குத் துளை போட்டபோதும் இதே மாதிரி மக்கிய மரப்படுகை வந்தது. சுந்தரி கடல்மட்டத்தை ஒட்டி வளரும் மரம். அது 30 அடி கீழே இருக்கிறது என்றால், பல ஆயிரம் வருடங்களில் தரை அவ்வளவு தாழ்ந்து, மேலே வண்டல் படிந்திருக்கிறது. நாம் தினம் ரயில் பிடிக்கும் சியால்டாவே ஒரு காலத்தில் சுந்தரவனம்.

கொள்ளையா, காடா, தாழும் நிலமா? மூன்று கட்சிக்கும் நடுவே ஒரு புதுச் சாட்சி கிடைத்தது.

உப்படுப்புகள்

வங்கதேசத்துச் சுந்தரவனத்தின் தென்கோடியில், கட்கா பக்கம், கடல் அரித்த கரையில் வரிசையாகப் பழைய உப்புக் காய்ச்சும் அடுப்புகள் வெளிப்பட்டன. ஜெர்மனியின் பிரெமனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வங்கதேசத்தவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். நம் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பைச் சூரியன் விளைவிக்கிறது. பாத்தியில் நீர் பாய்ச்சினால் போதும். வங்காளத்தின் ஈரக்காற்றில் அது சரிப்படாது. அதனால் செறிந்த உப்புநீரை மண்பானையில் ஊற்றி, காட்டு விறகு எரித்துக் காய்ச்சினார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு மலங்கி என்று பெயர். (பிற்பாடு நம் சோழமண்டலக் கரையின் வெயில் உப்பும் கப்பலில் இங்கே வந்து விற்றது. கல்கத்தாவுக்கு நமக்கு முன்னால் குடிபெயர்ந்தது நம் உப்பு!)

அடுப்பைக் கடலடியில் யாரும் கட்ட மாட்டார்கள். அது எரிந்த காலத்தில் உயர் ஓதத்துக்கு மேலேதான் இருந்திருக்க வேண்டும். இன்று அந்த அடுப்புகளின் அடித்தளம் உயர் ஓத மட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கீழே. கடைசியாக எரிந்தது சுமார் 300 வருடங்களுக்கு முன்பு. கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 5 மில்லிமீட்டர். அரிசி மணி ஒன்றின் நீளம்கூட இல்லை. ஆனால் தனிவட்டிக் கணக்கிலேயே 300 வருடத்தில் ஓர் ஆளின் மார்பளவு ஆகிவிடுகிறது. அதில் கடல் உயர்ந்த பங்கு கொஞ்சம்தான், நிலம் தாழ்ந்த பங்கே அதிகம் என்கிறது ஆய்வு.

அப்படியானால் நிலம் தாழ்ந்தது, மக்கள் போனார்கள் என்று முடித்துவிடலாமா? வருடத்துக்கு 5 மில்லிமீட்டருக்குப் பயந்து யாரும் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள். இங்கேதான் கரை வருகிறது.

கரை ஒரு கட்டடம் அல்ல

உப்புநீர் ஓரத்தில் விவசாயம் என்பது முழுக்க மண்கரையை நம்பியது. அந்தக் கரை ஒரு தடவை கட்டிவிட்டால் தீர்ந்தது என்கிற விஷயம் இல்லை. நண்டு துளை போடும், மழை கரைக்கும், ஆறு அடியில் அரிக்கும். வருடா வருடம் மண் வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து இருந்ததல்லவா, வங்காளத்தில் கரைப் பராமரிப்புக்குப் 'புல்பந்தி' என்று பெயர். ஓர் இடம் உடைந்தால் போதும், ஒரு நாள் உப்புநீர் உள்ளே வந்தால் வயலும் போச்சு, குடிநீர்க் குளமும் போச்சு. மறுபடி உப்பு கழுவப்பட மூன்று மழைக்காலம்.

இதில் இன்னொரு சிக்கல். கரை காப்பாற்றுகிறது, காப்பாற்றிக்கொண்டே பள்ளத்தில் தள்ளுகிறது. ஓதநீர் உப்பை மட்டும் கொண்டுவருவதில்லை, வண்டலையும் கொண்டுவருகிறது. அந்த வண்டல் படிந்துதான் தாழும் நிலம் தன் மட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். கரை போட்டவுடன் வண்டல் வெளியே நின்றுவிடுகிறது. வங்கதேசத்தில் 'போல்டர் 32' என்ற கரை சூழ்ந்த தீவை அளந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1960களில் கரை போட்ட அந்த நிலம், பக்கத்தில் கரையில்லாத காட்டைவிட ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்து கிடந்தது. 2009 மே 25-ல் ஐலா புயலில் கரை உடைந்தபோது உள்ளே புகுந்த நீர் வடிய வழியில்லை.

ஆக, கரை போட்ட நாளிலிருந்தே அந்தப் பண்ணைக்கு வயதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் மண் வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும். ஆள் இருக்கும்வரை வீடு இருக்கும்.

இப்போது பழைய வழக்குக்கு வாருங்கள். கொள்ளைக்காரர்கள் கிராமத்தில் எல்லோரையும் பிடித்துப் போக வேண்டியதில்லை. கரையில் மண் வெட்டுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துப் போனால் போதும். மிச்சமிருப்பவர்களால் அந்த வருடம் கரையை எட்டிப் பிடிக்க முடியாது. அடுத்த புயலில் உடையும். பிறகு காடு தானே வந்து மூடிக்கொள்ளும். ஐம்பது வருடம் கழித்து வரும் பாதிரியாருக்கோ சர்வேயருக்கோ அது ஆதிகாலத்துக் காடு மாதிரியே தெரியும். மூன்று கட்சிக்காரர்களும் ஒரே பண்ணையை வேறு வேறு வருடத்தில் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சாகர் தீவின் கணக்கு

இது ஊகம் மட்டும் இல்லை என்பதற்குச் சாகர் தீவே சாட்சி. 1819 வாக்கில் சாகர் தீவுச் சங்கம் என்று பங்கு போட்டு ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். ஐரோப்பியரும் வங்காளிகளும் பங்குதாரர்கள். காட்டை வெட்டினார்கள், கரை போட்டார்கள். 1833-ல் வந்த புயல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. மறுபடி மக்கள் வந்தார்கள். 1864 அக்டோபர் 5-ல் அடுத்த பெரும்புயல். அதற்கு முன் தீவில் 5,625 பேர். பிறகு 1,488 பேர். அரசாங்கப் புத்தகத்தில் இரண்டே எண்களாக இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பதிவு மாதிரி.

அதற்குப் பிறகு 1870களில் குத்தகை நிபந்தனைகளை மாற்றினார்கள். குத்தகைதாரர்கள் உயர்ந்த அடைக்கல மேடும் அதற்குள் நன்னீர்க் குளமும் அமைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். பழைய வங்காள விவசாயியின் அதே மேடு, அதே குளம். அரசாங்கத்துக்கு அது புரிய இரண்டு புயல் தேவைப்பட்டது.

லாட் எட்டிலிருந்து கச்சுபேரியாவுக்குப் படகில் போகும்போது வடமேற்கே பாருங்கள். ஒரு தாழ்ந்த பச்சைக் கோடு தெரிந்தால் அது கோராமாரா தீவு. 1975 வாக்கில் அது சுமார் 8.5 சதுர கிலோமீட்டர். 2012-ல் 4.5-க்கும் குறைவு. பக்கத்தில் இருந்த லோஹாசரா தீவின் மக்கள் 1980, 90களில் வெளியேற வேண்டியதாயிற்று. பலர் சாகர் தீவில் குடியேற்றக் காலனிகளில் இருக்கிறார்கள். 2021 மே 26-ல் யாஸ் புயலின்போது கோராமாராவை வெள்ளம் மூடியது.

சில வருடங்களுக்கு முன் நான் தெற்கு 24 பர்கனாவில் ஒரு கிளையில் இருந்தேன். ஒரு நாள் மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம், ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்களோடு வந்து உட்கார்ந்தார். பர்ச்சாவும் வரி கட்டிய ரசீதுகளும். பாஸ்து ஒரு தாக், புகுர் ஒரு தாக், ஷாலி மூன்று தாக். கடனுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நிலம் எந்த மௌஜா என்று கேட்டேன். சொன்னார். "இப்போ அங்கே லாஞ்ச் போகுது பாபு" என்றார். கடன் வேண்டாமாம். இதை உங்கள் லாக்கரில் வைக்க வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். தொகையைச் சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, மகனிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்தார். அப்புறம் வரவில்லை.

வங்காளத்தில் ஆறு தின்ற நிலத்துக்கு 'சிகஸ்தி', ஆறு சேர்த்த நிலத்துக்கு 'பயஸ்தி' என்று பெயர். இரண்டுக்குமாக 1825-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். காகிதத்துக்கு அவ்வளவு நீண்ட ஆயுள். ஜடார் தேவுல் தகட்டையும் அந்தப் பெரியவரின் உறையையும் நான் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் இல்லாத நிலத்தின் நான்கெல்லை.

நம்மூர்ப் பக்கம்

இது வங்காளத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் போனது நம் அம்மா அப்பா காலத்துக் கதை. தரங்கம்பாடியில் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது. கொற்கையிலோ நேர்மாறு, துறைமுகத்தை விட்டுக் கடலே பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடற்கரை என்பது பத்திரத்தில் எழுதக்கூடிய எல்லை இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கிறேன். நம்மில் பலருக்கும் ஊரில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு இருக்கிறது. கிணறு தூர்ந்திருக்கும், திண்ணை சரிந்திருக்கும். எப்போது விட்டுப்போனீர்கள் என்று கேட்டால் தேதி சொல்ல முடியாது. முதலில் ஒருவர் வேலைக்குப் போனார், பிறகு இன்னொருவர் படிக்கப் போனார். ஒரு வருடம் கூரை மாற்றவில்லை. அவ்வளவுதான். நம் வீட்டுக்கு மாற்றாத கூரை, அவர்கள் வீட்டுக்கு வெட்டிப்போடாத மண். நாம் மாற்றல் உத்தரவோடு வந்தோம், அவர்கள் கானிங் லோக்கலில் வந்தார்கள். நமக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு திண்ணையாவது இருக்கிறது.

இந்தியச் சுந்தரவனத்தில் மக்கள் வாழும் தீவுகள் 54. கரைகளின் மொத்த நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். ஒவ்வொரு புயலுக்கும் பிறகு ஆண்கள் கேரளத்துக்கும், நம் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் கொல்கத்தா வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். கரையில் மண் போட ஆள் குறைகிறது. 17-ஆம் நூற்றாண்டில் படகில் வந்து பிடித்துப் போனார்கள். இப்போது ரயில் டிக்கெட் எடுத்துத் தாங்களே போகிறார்கள். கரைக்கு இரண்டும் ஒரே கணக்குதான்.

அடுத்த தடவை நேதிதோபானிக்குப் போனால் புலி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது யாரோ வெட்டியது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மாசி தெற்கே இருந்து வருபவராக இருந்தால், எந்த ஊர் என்பதோடு நிறுத்தாமல், வீட்டுக் குளம் எவ்வளவு பெரிது, மேட்டில் என்ன மரம் இருந்தது என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டு மாசியிடம் கேட்டேன். ஒரு தென்னை, இரண்டு பேரீச்சை, ஒரு கொய்யா என்றார். கொய்யா இருந்த பக்கம் முதலில் போனதாம்.